உடன் ஊழியரின் உள்ளச் சோர்வும் நமது கடமையும்

ஆயர் ஒருவர் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து படுத்தால், சேகரமே அவர் வீட்டுக்குத் திரண்டு வருகிறது. பழங்களும் பாலும் வருகின்றன. ஆராதனையில் அவர் பெயரைச் சொல்லி மன்றாட்டு ஏறெடுக்கப்படுகிறது. அடுத்த சேகரத்து ஆயர் வந்து திருவிருந்து ஆராதனையை நடத்திக் கொடுக்கிறார். அதே ஆயர் உள்ளம் முறிந்து, இரவெல்லாம் உறக்கமின்றி, அருளுரைக்கென்று திருமறையைத் திறந்தும் ஒரு வரி மனத்தில் பதியாமல் அமர்ந்திருந்தால், அவ்வீட்டுக்கு வருவோர் மிகச் சிலரே. வருகின்ற சிலரும், “ஐயா, இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்” என்று சொல்லிப் புறப்பட்டு விடுகின்றனர். ஒன்றை நோய் என்கிறோம். மற்றொன்றை விசுவாசக் குறைவு என்கிறோம். இப்பாகுபாடு திருமறைக்கும் மருத்துவ அறிவுக்கும் ஒவ்வாதது என்பதையும், அருகில் நின்று பணி செய்யும் உடன் ஊழியருக்கு இதில் என்ன கடமை உண்டு என்பதையும் இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம்.

இதனை நாம் வெறும் ஏட்டறிவாக எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு, பல சிற்றூர்ச் சபைகளைக் கொண்ட ஒரு சேகரத்தில் நாம் பொறுப்பேற்றிருந்தபோது, இளைஞர் ஒருவர் நம்முடன் உதவி குருவாகப் பணியாற்றினார். வந்த முதல் ஆண்டில் அவரைப் போல் சுறுசுறுப்பானவர் எவருமில்லை. இரண்டாம் ஆண்டில் ஆராதனைக்குத் தாமதமாக வரலானார். சபைக் கடிதங்கள் திறக்கப்படாமல் மேசையில் கிடந்தன. ஒரே அருளுரையை மூன்று ஊர்களில் வாசித்தார். சேகரப் பொருளாளர் முறையிட்டார். நாம் அவரை அழைத்துப் பேசுவதற்குப் பதிலாக, கடமையை நினைவுறுத்தி ஒரு கடிதம் எழுதினோம். ஒரு மாலையில், அடக்க ஆராதனை ஒன்றை முடித்துத் திரும்பும் வழியில் அவர், “ஐயா, அந்தப் பெட்டிக்குள் நான் இருந்திருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றுகிறது” என்றார். நாமோ, “அப்படியெல்லாம் பேசாதீர்கள் தம்பி, கர்த்தர் பெரியவர்” என்று தோளைத் தட்டிவிட்டுக் கட்டடக் குழுவின் கூட்டத்துக்கு விரைந்தோம். பத்து நாட்களுக்குப்பின் நள்ளிரவில் அவருடைய மனைவி நம் வீட்டுக் கதவைத் தட்டினார். கடவுளின் இரக்கத்தால் அவ்விரவு உயிரிழப்பில் முடியவில்லை. மருத்துவம் பெற்று நலமடைந்து இன்று அவர் வேறோர் இடத்தில் ஊழியம் செய்கிறார். அவருடைய இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம். நாம் தவறிய இடத்தில் நம் வாசகர்கள் தவறலாகாது என்பதே நம் நோக்கம்.

1. ஆயர் பணியின் அழுத்தம்

மருத்துவர், செவிலியர், காவலர், ஆசிரியர் ஆகியோரின் பணிகளில் மன அழுத்தம் மிகுதி என்பதை இக்காலத்தில் யாவரும் ஒப்புவர். ஆயரின் பணியும் அவ்வரிசையில் நிற்பதே. காலையில் ஒரு வீட்டில் திருமண ஒழுங்கு, நண்பகலில் மற்றொரு வீட்டில் சாவு, மாலையில் சேகர மன்றத்தில் சச்சரவு; இம்மூன்றிலும் வேண்டிய முகத்தை அவ்வப்போது அணிந்துகொள்ள வேண்டியவர் அவர். இதனோடு பள்ளித் தாளாளர் பொறுப்பு, கட்டட நிதி, திருமண்டிலத் தேர்தல்கள், சபைச் சொத்துக்களைப் பற்றிய வழக்குகள் எனச் சுமைகள் கூடுகின்றன. அவர் குடியிருக்கும் குருமனை சபையின் சொத்து; அடுத்த மாற்றல் எப்போது வரும் என்பதை அவர் அறியார். பிறர் துயரங்களைக் கேட்கும் அவர் தம் துயரத்தைச் சொல்லச் சபையாரிடம் செல்ல இயலாது. மேலதிகாரியிடம் சொன்னால் அது தம் எதிர்காலத்தைப் பாதிக்குமோ என அஞ்சுகிறார். எனவே, அவருடைய நிலையைக் கண்டறியக்கூடிய இடத்தில் இருப்பவர் பெரும்பாலும் உடன் ஊழியர் ஒருவரே.

2. களைப்பும் நோயும்

நாம் ஒரே சொல்லால் ‘சோர்வு’ என்று குறிப்பிடும் நிலைகள் பல. அவற்றைப் பிரித்தறிவது பயனுடையது.

முதலாவது, பணியினால் விளையும் உள்ளக் களைப்பு. நியூயார்க்கில் பணியாற்றிய உளவியலறிஞர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974 இல் இதனைப் பற்றி எழுதினார். ஏழைகளுக்கான இலவச மருத்துவ மனைகளில் ஆர்வத்தோடு தொண்டு செய்தவர்களே எரிந்து தீர்ந்த விளக்கைப் போலாவதை அவர் கண்டார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அறிஞர் இதில் மூன்று கூறுகளைக் காட்டினார்: உணர்வு வற்றிப்போதல், தாம் பணிவிடை செய்யும் மக்களைப் பொருள்களைப் போல் எண்ணத் தொடங்குதல், தம் பணியால் பயனேதும் இல்லை என்னும் எண்ணம். உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் இதனை நோயாக அன்றி, பணியைச் சார்ந்த ஒரு நிலையாக வகைப்படுத்தியது. இதற்கு மருந்து பெரும்பாலும் பணியமைப்பைத் திருத்துவதே ஆகும்.

இரண்டாவது, மனச்சோர்வு நோய். துயரமோ, எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நாள்தோறும் நீடித்து, அதனோடு உறக்கக் கேடு, பசியின்மை, உடற்களைப்பு, கவனமின்மை, அளவுகடந்த குற்றவுணர்வு, தாம் எதற்கும் உதவாதவர் என்னும் எண்ணம், சாவைப் பற்றிய நினைவு ஆகியவற்றுள் பலவும் சேர்ந்து வருமாயின், மருத்துவர் அதனை நோய் என்கிறார். நம் மக்களிடையே இது தலைவலி, வயிற்றெரிச்சல், உடல்வலி என்று உடலின் மொழியிலும் பேசும். ஆயரிடத்திலோ இந்நோய் சமயத்தின் மொழியில் பேசுவதுண்டு. ‘நான் மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேன்’, ‘என் அழைப்பு பொய்யானது’ என்பன போன்ற கூற்றுகளைக் கேட்டவுடனே இறையியல் விளக்கம் தரப் புகுதல் பயனற்றது. காய்ச்சலில் பிதற்றுவோருடன் வாதாடுவதை அது ஒக்கும்.

மூன்றாவதாக, இதற்கு நேர்மாறான தோற்றமுடைய நிலை ஒன்றும் உண்டு. உறக்கமே தேவையின்றி, ஓயாது பேசி, வருவாய்க்கு மிஞ்சிய பெருந்திட்டங்களை அறிவித்து, எளிதில் சினங்கொள்ளும் ஊழியரைக் கண்டு சபையார் ‘எழுப்புதல் வந்துவிட்டது’ என்று மகிழ்வதுண்டு. இவ்வெழுச்சியும் பின்வரும் தாழ்ச்சியும் மாறி மாறி வருவது இருதுருவ நோய் எனப்படும். இதனை முதலில் உணர்பவரும் அருகில் இருப்பவரே.

இவற்றையெல்லாம் பேயின் செயல் என்று கூறி ஒதுக்குவோர்க்கு ஒன்று சொல்வோம். மத்தேயு 4:24 இல் நற்செய்தியாளர் பேய்பிடித்தோரையும், வலிப்பு நோயினரையும், திமிர்வாதக்காரரையும் தனித்தனியே எண்ணிக் காட்டுகிறார். எல்லா நோயையும் ஒரே காரணத்தில் அடக்குவது அவருடைய வழக்கமன்று.

3. திருமறை காட்டும் வழி

எலியாவின் வரலாறு (1 இராஜாக்கள் 19) யாவரும் அறிந்தது. ஆயினும் அதில் நிகழ்ச்சிகள் அமைந்துள்ள வரிசையை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கர்மேல் மலையின் மாபெரும் வெற்றிக்கு அடுத்தே இச்சோர்வு வருகிறது. தீர்க்கதரிசி பெயெர்செபாவில் தம் வேலைக்காரனை விட்டுவிட்டுத் தனியே வனாந்தரத்துக்குள் செல்கிறார். சூரைச்செடியின் கீழ் அமர்ந்து சாவை வேண்டுகிறார். அவருக்கு முதலில் கிடைத்தது கண்டனமோ அறிவுரையோ அன்று. உறக்கமும், தழலில் சுட்ட அடையும், ஒரு பாத்திரம் தண்ணீரும், தூதனின் தொடுதலுமே. அதுவும் இருமுறை. வழி நெடியது என்று தூதன் ஒப்புக்கொள்கிறான்; இந்நிலையில் நீ இருக்கலாமா என்று கேட்கவில்லை. அதற்கு நெடுநாட்களுக்குப் பின்னரே கேள்வி வருகிறது. அதற்கும் பின்னரே புதிய பணி வருகிறது. அப்பணியோடு எலிசா என்னும் துணையும் வருகிறார். நம் சபைகளிலோ இவ்வரிசை தலைகீழாகி விடுகிறது. முதலில் பணியை நினைவுறுத்துகிறோம். அடுத்துக் கேள்வி கேட்கிறோம். உணவையும் உறக்கத்தையும் பற்றி நினைப்பதே இல்லை.

எண்ணாகமம் 11 ஆம் அதிகாரத்தில் மோசே, மக்களின் சுமையைத் தனியே தாங்க இயலாமல், தம்மைக் கொன்றுவிடுமாறே கடவுளிடம் கேட்கிறார். அதற்கு விடையாக எழுபது மூப்பர்கள் நியமிக்கப்படுகின்றனர். மோசேக்குப் பொறுமையைக் குறித்த பாடம் நடத்தப்படவில்லை; அவருடைய சுமை பங்கிடப்பட்டது.

எனினும் நம் பொருளுக்கு மிக நெருங்கிய பகுதி பிலிப்பியர் 2:25-30 எனலாம். எப்பாப்பிரோதீத்து பிலிப்பி சபையினால் பவுலுக்கு உதவி செய்ய அனுப்பப்பட்டவர். வந்த இடத்தில் சாவின் விளிம்பு வரை நோயுற்றார். நோய் உடலைப் பற்றியதே ஆயினும், தாம் நோயுற்ற செய்தி தம் சபைக்கு எட்டிவிட்டது என்பதை அறிந்து அவர் பெரிதும் மனங்கலங்கினார். இக்கலக்கத்தைக் குறிக்கப் பவுல் ஆளும் கிரேக்க வினைச்சொல் ‘அதேமொனேயோ’ என்பது. இதே சொல்லைத்தான் மத்தேயுவும் மாற்குவும் கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் அடைந்த வியாகுலத்தைக் கூற ஆளுகின்றனர். மனக்கலக்கம் ஆண்டவருக்கே அந்நியமானதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

பவுல் இவருக்காகச் செய்தவை மூன்று. முதலாவது, இவரைச் சகோதரன், உடன்வேலையாள், உடன் போர்ச்சேவகன் என்று அழைக்கிறார். நோயினால் இப்பட்டங்களுள் ஒன்றும் பறிபோகவில்லை. இரண்டாவது, தமக்கு இவருடைய துணை தேவையாயிருந்தும் இவரை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார். மூன்றாவது, ‘அனுப்பிய பணியை முடிக்காமல் திரும்பிவிட்டான்’ என்று ஊரார் இகழக்கூடும் என்பதை முன்னறிந்து, இத்தகையவரை மகிழ்ச்சியோடு ஏற்றுக் கனம்பண்ண வேண்டுமென்று சபைக்கு எழுதுகிறார். உடன் ஊழியரின் பட்டத்தைக் காத்தல், ஓய்வுக்கு வழி செய்தல், அவருடைய பெயரைக் காத்தல் ஆகிய இம்மூன்றும் நமக்கும் கட்டளைகளே. பொருளாளரின் முறையீட்டைக் கேட்டுக் கடிதம் எழுதிய நாம் இம்மூன்றிலும் தவறினோம்.

4. திருச்சபை வரலாறு தரும் சான்றுகள்

மார்ட்டின் லூத்தர் உள்ளச் சோதனைகளைத் தாமே நன்கு அறிந்தவர். நார்ட்ஹவுசன் நகரின் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த யோனாஸ் ஃபான் ஸ்டாக்ஹவுசன் என்பவர் வாழ்வை வெறுத்திருப்பதை அறிந்து, 1532 நவம்பரில் அவருக்கு ஆறுதல் கடிதம் எழுதினார். அத்தோடு நில்லாமல் அவருடைய மனைவிக்கும் தனியே எழுதினார். கணவரைச் சிறிது நேரமும் தனியே விடலாகாது; அவர் தமக்குத் தீங்கிழைக்கக் கூடிய பொருள் எதையும் அருகில் வைக்கலாகாது; தனிமை அவருக்கு நஞ்சு என்பதே அதன் சாரம். ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் ஓர் இறையியலறிஞர் எழுதிய இவ்வறிவுரையை இன்றைய மனநல மருத்துவரும் அப்படியே கூறுவார்.

ஜான் நியூட்டன் இங்கிலாந்தில் ஓல்னி என்னும் சிற்றூரில் குருவாயிருந்தபோது, 1767 இல் வில்லியம் கூப்பர் என்னும் கவிஞர் அங்குக் குடிவந்தார். கூப்பர் அதற்கு முன்பே, 1763 இல், பிரபுக்கள் சபையில் ஓர் எழுத்தர் பதவிக்குரிய தேர்வை எதிர்நோக்கிய அச்சத்தில் மனமுறிந்து மருத்துவம் பெற்றவர். ஓல்னியில் அவர் நியூட்டனுடன் ஏழைகளைச் சந்தித்தார், கூட்டங்களில் மன்றாடினார், இருவரும் சேர்ந்து பாமாலைகள் இயற்றினர். 1773 ஜனவரியில் நோய் மீண்டும் தாக்கிற்று. கடவுள் தம்மை அறவே தள்ளிவிட்டார் என்று கூப்பர் நம்பினார். அவ்வாண்டு ஏப்ரலில் நியூட்டன் அவரைத் தம் குருமனையில் ஏற்று ஓராண்டுக்கு மேல் வைத்துக் காத்தார். 1779 இல் வெளிவந்த ‘ஓல்னி பாமாலைகள்’ இருவருடைய நட்பின் நினைவாகவும் விளங்குகிறது. நியூட்டன் 1780 இல் இலண்டனுக்குச் சென்ற பின்னும் கடிதத் தொடர்பு தொடர்ந்தது. எனினும் 1800 இல் இறக்கும் வரை கூப்பர் முற்றிலும் குணமடையவில்லை.

இதில் நமக்குப் பாடங்கள் இரண்டு. நியூட்டன் மென்மையான உள்ளங்கொண்ட நண்பர் மீது ஊழியச் சுமையை ஏற்றியதும், அவருடைய கண்டிப்பான கோட்பாடும் நோய்க்குத் துணைசெய்தன என்று குறைகூறும் ஆய்வாளர்கள் உண்டு. நோய் நியூட்டனைச் சந்திக்கும் முன்பே இருந்ததாதலின் அவரை அதன் காரணர் எனல் பொருந்தாது. ஆயினும் அன்புள்ள நண்பரும் அறியாமல் சுமை ஏற்றக்கூடும் என்னும் எச்சரிக்கையை நாம் புறக்கணிக்கலாகாது. மற்றொன்று, தாங்குவதன் பயனைக் குணமடைதலைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது. நண்பர் குணமாகவில்லை என்பதற்காக நியூட்டனின் ஓராண்டு வீணாயிற்று என்று யார் கூறுவர்?

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1907 இல் இந்தியாவுக்கு வந்த ஸ்டான்லி ஜோன்ஸ், ஏறத்தாழ எட்டு ஆண்டுக் கடும்பணியின் பின் உடலும் மனமும் முறிந்து தாயகம் திரும்பினார். ஓய்வுக்குப் பின் வந்தபோதும் மீண்டும் முறிந்தார். இலக்னோவில் ஆண்டவரிடம் தம்மை ஒப்படைத்துப் புதுப்பெலன் பெற்றதை 1925 இல் வெளிவந்த தம் நூலில் மறைக்காமல் எழுதினார். ஆயினும், ஜெபத்தால் நலமடைந்தவர் ஜெபமே போதும் என்று கூறவில்லை. 1950 இல் அதே இலக்னோவில் ‘நூர் மஞ்சில்’ என்னும் மனநல மருத்துவ நிலையத்தை நிறுவினார். ஜெபத்தையும் மருத்துவத்தையும் எதிரெதிரே நிறுத்துவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

5. உடன் ஊழியர் செய்யத்தக்கவை

முதலாவது, கவனித்தல். காலந்தவறாதவர் தவறுகிறாரா? நகைச்சுவையாளர் மௌனமாகிறாரா? உடையிலும் உணவிலும் அக்கறை குறைகிறதா? ஒரு நாளின் மாறுதல் பொருட்டன்று. இரண்டு மூன்று வாரங்கள் நீடிக்கும் மாறுதலே கவனத்துக்குரியது.

இரண்டாவது, தனியே பேசுதல். ஆயர் கூட்டத்தின் நடுவிலோ ஆராதனைக்கு ஐந்து நிமிடங்களுக்கு முன்போ இதனைத் தொடங்கலாகாது. நடந்து செல்கையில் அல்லது அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “சில நாட்களாக நீங்கள் உறங்குவதில்லை போல் தோன்றுகிறது, எப்படி இருக்கிறீர்கள்?” என்று கண்டதைச் சொல்லிக் கேட்கலாம். ‘ஒன்றுமில்லை’ என்பார். அதனை முடிவான விடையாகக் கொள்ளாமல், சில நாட்களுக்குப் பின் மீண்டும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, கேட்டல். யோபின் நண்பர்கள் மூவரும் ஏழு நாட்கள் வாய் திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அதுவே; பேசத் தொடங்கிய பின்னரே தவறினர். காரணங்களைத் தேடிக் கொடுப்பதும், ‘உங்களைவிடத் துன்பப்படுவோர் உண்டு’ என்று ஒப்பிடுவதும், உடனே திருமறை வசனங்களை அடுக்குவதும் நோயுற்றவரின் குற்றவுணர்வையே பெருக்கும். ஜெபிக்கலாமா என்று அவரையே கேட்டு, அவர் இசைந்தால் சுருக்கமாக ஜெபிக்கலாம். அவரால் ஜெபிக்க இயலாத நாட்களில், சபை அவருக்காக ஜெபிக்கிறது என்பதே போதுமானது.

நான்காவது, சுமையில் ஒன்றைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளுதல். ‘ஏதேனும் தேவையாயின் சொல்லுங்கள்’ என்னும் பொதுச்சொல் பயன் தராது. நோயுற்றவருக்கு எது தேவையென்று எண்ணும் ஆற்றலே குறைந்திருக்கும். ‘இம்மாதம் புதன்கிழமைக் கூட்டங்களை நான் நடத்துகிறேன்’, ‘பள்ளிக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வரையறுத்துச் சொல்ல வேண்டும். ஆனால் அவரைக் கேட்காமல் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டால், தாம் உதவாதவர் என்னும் எண்ணம் உறுதிப்படும்.

ஐந்தாவது, மருத்துவரிடம் உடன் செல்லுதல். போகச் சொல்வது வேறு. உடன் போவது வேறு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவம் கிடைக்கிறது. மனநலப் பிரிவு உள்ள கிறிஸ்தவ மருத்துவமனைகளும் உண்டு. மருந்தைப் பற்றிய சில உண்மைகளை ஆயர்கள் அறிந்திருத்தல் நன்று. மனச்சோர்வு மருந்துகள் தலைவலி மாத்திரையைப் போல் அன்றே வேலை செய்வன அல்ல. பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நலம் தெரிந்தவுடன் நிறுத்தாமல், மருத்துவர் கூறும் வரை பல மாதங்கள் தொடர வேண்டும். ‘விசுவாசித்து மருந்தை நிறுத்துங்கள்’ என்று எந்த ஊழியரும் சொல்லலாகாது. இருதுருவ நோய்க்கு லித்தியம் உட்கொள்வோர், தண்ணீரும் அருந்தாமல் உபவாசம் இருப்பதும் ஆபத்தானது. உடலில் நீர் குறைந்தால் அம்மருந்து நச்சளவை எட்டக்கூடும். உபவாசக் கூட்டங்களை நடத்தும் நாம் இதனை மறவாதிருப்போமாக.

ஆறாவது, மறைபொருள் காத்தல். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. நோயைப் பற்றிய செய்திகள் மறைவாகக் காக்கப்பட வேண்டும் என்பது அச்சட்டம் நோயுற்றவருக்கு வழங்கும் உரிமை. ‘ஜெப விண்ணப்பம்’ என்னும் பெயரால் வதந்தி பரவுவதை நாம் கண்டிருக்கிறோம். சபைக்கு எதைச் சொல்வது என்பதை நோயுற்றவரே முடிவு செய்யட்டும். ‘ஆயர் உடல்நலம் கருதி ஓய்வில் இருக்கிறார்’ என்பது உண்மையே. அதற்கு மேல் சபைக்கு உரிமை இல்லை.

இன்னொரு கடமையும் உண்டு. நோயுற்றோரை ஜெப வீடுகளில் மருத்துவமின்றி அடைத்து வைக்கும் பழக்கத்துக்கு நாம் துணை போகலாகாது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் நேர்ந்த தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் உட்பட 28 பேர் மாண்டனர். அது பிற சமயத்தாரின் தலத்தில் நிகழ்ந்தது என்று நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. அத்தகைய மனப்பான்மை நம்மிடையேயும் உண்டு. மேற்கூறிய சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுவதை எவ்விதத்திலும் அனுமதிப்பதில்லை.

6. உயிருக்கு ஆபத்து நேரும் வேளை

சாவை விரும்புவதாக ஒருவர் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கூறினால், அப்பேச்சை மாற்றலாகாது. தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்பது தவறான அச்சம். “உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா? எவ்வாறு செய்வது என்று எண்ணியதுண்டா?” என்று அமைதியாகவும் நேராகவும் கேட்பதே அவருக்கு முதல் ஆறுதலாகிறது. நம் இளைஞர் பின்னர் கூறியது இதுவே: “ஐயா, அன்று நீங்கள் மட்டும் ‘என்ன தம்பி சொல்கிறீர்கள்?’ என்று ஒரு முறை திருப்பிக் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.”

ஆம் என்று விடை வருமாயின், அவரைத் தனியே விடலாகாது. வீட்டாருக்கு அறிவித்து, பூச்சிமருந்து, உறக்க மாத்திரை முதலியவற்றை அப்புறப்படுத்தி, அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று அவர் கேட்டாலும் இவ்வொன்றில் வாக்குக் கொடுக்கலாகாது. மறைபொருள் காத்தல் உயிர் காப்பதற்கு உட்பட்டது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ என்னும் அரசுத் தொலைபேசிச் சேவை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது; தமிழிலும் பேசலாம். காவல்துறை வழக்கு வரும் என்னும் அச்சத்தால் பலர் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவர். 2017 ஆம் ஆண்டின் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 ஆம் பிரிவு இடம்பெறவில்லை.

7. தாங்குவோரின் எல்லையும் திருமண்டிலத்தின் பொறுப்பும்

உடன் ஊழியர் மருத்துவர் அல்லர், மீட்பரும் அல்லர். நோயுற்ற நண்பரின் பணியையும் தம் பணியையும் மாதக்கணக்கில் ஒருவரே சுமந்தால், விரைவில் நோயாளர் இருவராவர். எத்திரோ மோசேக்குக் கூறிய அறிவுரை இங்கும் பொருந்தும். இரண்டு மூன்று பேரேனும் இப்பொறுப்பைப் பகிர வேண்டும். அவருள் ஒருவர் ஐயரம்மாளின் நிலையைக் கேட்டறிபவராக இருத்தல் நன்று. இத்தகைய வீடுகளில் எவரும் நலம் விசாரிக்காதவர் அவரே. மேலும், உதவ வந்தவர் உள்ளத்தில் சலிப்பும் எரிச்சலும் தோன்றுவதுண்டு. அதனைப் பாவமென்று மறைக்காமல் நம்பத்தக்க ஒருவரிடம் கூறி இளைப்பாறுதல் அறிவுடைமை.

ஆயினும் தனிமனிதரின் அன்பு மட்டும் போதாது. பல ஊர்களை ஒரே ஆயர் தோள்மேல் ஏற்றிவிட்டு, அவர் முறிந்தபின் ஆறுதல் கூறுவது முறையன்று. வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் ஆண்டு விடுப்பும் ஏட்டளவில் நில்லாமல் நடைமுறையில் கிடைக்கச் செய்தல் வேண்டும். மேற்கூறிய சட்டம், உடல்நோய்க்கு உரிய அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டுமென்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு விதிக்கிறது. திருமண்டிலங்களின் மருத்துவ உதவி நிதிகளும் இதனைப் பின்பற்றுதல் தகும். நோயுற்ற ஆயரை அறிமுகமற்ற தொலைவிடத்துக்கு மாற்றுவதைத் தீர்வாகக் கருதலாகாது. பழகிய மருத்துவரையும் நண்பரையும் இழக்கச் செய்வது நோயை வளர்க்கும். திரும்பி வருவோருக்குச் சில வாரங்களேனும் குறைந்த பணியை வகுத்துக் கொடுத்து, சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை. இறையியல் மாணவர்களும் கல்லூரி நாட்களிலேயே, தம் உள்ளத்தை ஒளியாமல் காட்டத்தக்க நண்பர் ஒருவரையேனும் தேடிக்கொள்வார்களாக. அருளுரைக் கலையைப் போல் இதுவும் ஊழியத்துக்கு வேண்டிய ஆயத்தமே.

முடிவாக, நம் இளைஞரிடம் சென்ற ஆண்டில், “அந்நாட்களில் உங்களுக்கு மிகவும் உதவியது எது?” என்று கேட்டோம். நம் ஜெபங்களையோ அறிவுரைகளையோ அவர் குறிப்பிடுவார் என்று எதிர்பார்த்தோம். சிறிது எண்ணிப் பார்த்து அவர் சொன்னார்: “மருத்துவமனையில் பெயர் கூப்பிடும் வரை மூன்று மணி நேரம் மரப்பெஞ்சில் என் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தீர்களே, ஐயா, அதுதான்.” பவுல் தம் உடன்வேலையாளுக்கு எழுதிக் கொடுத்த நற்சான்றை நம்மால் எழுத இயலாது போகலாம். மருத்துவமனைப் பெஞ்சில் அமர யாராலும் இயலும்.